நைட்ரேட் 14.1: ஓர் அடுக்ககத்தின் குடிநீர் அறிக்கையைத் தவறாகப் படித்த நிகழ்வு

பின்னணி

கோவையின் விளிம்பில், முன்பு தென்னந்தோப்பாக இருந்த நிலத்தில் கட்டப்பட்ட 32 வீட்டு அடுக்ககம் எங்களுடையது. பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. கழிவு செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து பின்சுவரை ஒட்டியுள்ள உறிஞ்சு குழியில் இறங்குகிறது.

தண்ணீருக்கு இரண்டு நிலத்தடித் தொட்டிகள். ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், மற்றதில் ஆழ்துளைக் கிணற்று நீர். ஒவ்வொரு சமையலறையிலும் இரண்டு குழாய்கள் உண்டு. இந்த ஊர் வழக்கப்படி ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உப்புத் தண்ணீர். இந்தப் பெயர்கள் நாக்கு வைத்த பெயர்கள். பின்னால் நடந்ததற்கு இவையும் ஒரு காரணம்.

ஆழ்துளைக் கிணறுகளும் இரண்டு. 620 அடி ஆழமுள்ளது அன்றாடப் புழக்கத்துக்கு. அதன் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். இன்னொன்று தோப்புக் காலத்தது, 180 அடிதான். அதிலிருந்து செடிகளுக்கு மட்டும் நீர் எடுத்துவந்தோம். அதன் நீர் வாயில் வைத்தால் கரிக்காது. எனவே காவலாளி முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோரும் அதை ‘நல்ல தண்ணீர் போர்’ என்றே அழைத்தார்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சிறுவாணித் தண்ணீர் வரும் இடைவெளி நீண்டது. லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைப் பார்த்த செயற்குழு, பழைய போரின் நீரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் விடலாம் என்று யோசித்தது. பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது என்று முடிவெடுத்தது வரை அவர்கள் செய்தது சரிதான். மாதிரி எடுத்து ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

இதை எழுதும் நான், சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறிக்கை வந்ததும் என்னிடம்தான் முதலில் காட்டினார்கள். பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். ஆகவே இதை இன்னொருவருடைய பிழையாக எழுதும் உரிமை எனக்கு இல்லை.

அறிக்கையில் இருந்தது

ஏப்ரல் 3 அன்று வந்த அறிக்கையில் ஏறத்தாழ இருபது வரிகள். முக்கியமானவை: பி.ஹெச். 7.3, டி.டி.எஸ். 780, மொத்தக் கடினத்தன்மை 340, குளோரைடு 148, புளோரைடு 0.8, இரும்பு 0.1, ‘நைட்ரேட் (நைட்ரஜனாக)’ 14.1, ஈயம் ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’. பி.ஹெச். தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. கிருமிப் பரிசோதனை செய்யப்படவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012ஆம் ஆண்டுத் திருத்தம்) சொல்லும் வரம்பு அச்சிடப்பட்டிருந்தது. டி.டி.எஸ்ஸுக்கு 2,000, கடினத்தன்மைக்கு 600, குளோரைடுக்கு 1,000, நைட்ரேட்டுக்கு 45.

செயலாளர் இதைத் தமிழில் மூன்று பத்திகளாகத் தட்டச்சு செய்தார்: பொருள், நம் நீரில் உள்ள அளவு, வரம்பு. எல்லா வரிகளுக்கும் எதிரே ‘சரி’ என்று பச்சை மையில் குறித்து மின்தூக்கி அருகே ஒட்டினார். தட்டச்சில் ‘நைட்ரஜனாக’ என்ற சொல் விடுபட்டுப் போனது. ‘நைட்ரேட் – 14.1 – 45 – சரி.’ மறுநாளே பழைய போர் நல்ல தண்ணீர்த் தொட்டியோடு இணைக்கப்பட்டது.

குடியிருப்போர் கவலைப்பட்டதெல்லாம் டி.டி.எஸ். பற்றித்தான். 780 என்பது அவர்கள் கண்ணுக்குப் பெரிய எண். கெட்டிலில் வெள்ளைப் படிவு தெரிகிறது, டீ சுவை மாறுகிறது. எனவே அதைப் பற்றிப் பேசினார்கள். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் சுவையும் இல்லை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐயம் எழுந்தது எப்படி

முதல் மாடியில் இரண்டரை மாதக் குழந்தை ஒன்று இருந்தது. தாய்க்கு உடல்நலம் சரியில்லாததால் ஏப்ரல் 11 முதல் பால்மாவு கரைத்துக் கொடுத்துவந்தார்கள். கரைப்பதற்கான தண்ணீரைக் குழந்தையின் அம்மிச்சி (தாயின் அம்மா) தினமும் கால் மணி நேரம் கொதிக்கவைப்பார். அவர்கள் வீட்டுச் சுத்திகரிப்பான் புறஊதா விளக்கு மட்டும் உள்ளது.

ஏப்ரல் 20 அன்று தாய் தன் அக்காவோடு பேசும்போது மூல அறிக்கையின் படத்தை அனுப்பியிருக்கிறார். அக்கா அமெரிக்காவில் மருந்தாளுநர். ‘இங்கே நைட்ரேட்டுக்கு வரம்பு 10. உங்களுடையது 14. குழந்தைக்கா கொடுக்கிறீர்கள்?’ என்று அவர் கேட்க, செய்தி செயலாளருக்கும் பின்பு எனக்கும் வந்தது.

செயலாளரின் முதல் பதில், ‘அது அமெரிக்கா ஐயா, அவர்களுடைய வரம்பு கடுமையாக இருக்கும்’ என்பது. நியாயமான ஊகம், ஆனால் தவறு. ஒரு நாடு 10 என்றும் இன்னொரு நாடு 45 என்றும் சொல்கிறது, அதுவும் குழந்தைகளைக் காப்பதற்கான ஒரே காரணத்துக்காக என்றால், நான்கு மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். மூல அறிக்கையைக் கேட்டு வாங்கி, அடைப்புக்குறிக்குள் இருந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

14ம் 62ம்

தேங்காயை மட்டையோடு எடை போடலாம், உரித்தும் போடலாம். காய் ஒன்றுதான், தராசு காட்டும் எண் வேறு. நைட்ரேட் என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது. அதன் எடையை 62 என்று கொண்டால் அதில் நைட்ரஜனின் பங்கு 14 மட்டும். எனவே ‘நைட்ரஜனாக’ எழுதிய எண்ணை ‘நைட்ரேட்டாக’ மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். எங்கள் 14.1, நைட்ரேட்டாக 62.4. ஐ.எஸ். 10500 சொல்லும் 45 என்பது மட்டையோடு போட்ட எடை. அமெரிக்காவின் 10 உரித்துப் போட்டது. பெருக்கிப் பார்த்தால் அந்த 10, 44 ஆகிறது. இரண்டும் ஒரே வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 50, நைட்ரஜனாக ஏறத்தாழ 11.

ஆய்வகம் தன் கருவி தந்த முடிவை நைட்ரஜனாக எழுதியிருந்தது, வரம்பை மட்டும் தர ஆவணத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தது. இரண்டு எண்களும் தனித்தனியே உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பொய்யாகிவிட்டன.

நான் ஏன் தவறவிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீர் ஆய்வகத்தில் அம்மோனியா, நைட்ரேட் எல்லாவற்றையும் நைட்ரஜனாகவே எழுதிப் பழகியவன் நான். அங்கே 14 என்பது யாரும் திரும்பிப் பார்க்காத எண். பழகிய கண் ‘நைட்ரஜனாக’ என்ற சொல்லைப் படித்தது, ஆனால் நிற்கவில்லை. விவரம் தெரியாதவர் அச்சொல்லைத் தட்டச்சில் விட்டார். விவரம் தெரிந்தவன் அதைத் தாண்டிப் போனேன்.

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஒருவர், பண்ணைக் கிணற்று நீரில் பால் கரைத்துக் குடித்த சிசுக்களின் உடல் நீலம் பாய்வதைக் குறித்து எழுதினார். 1951இல் அந்நாட்டில் அதுவரை பதிவான நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நைட்ரஜனாக 10க்குக் குறைவான நீரில் ஒன்றுகூட இல்லை. அந்த 10தான் வரம்பாயிற்று. சிசுவின் வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பதால் அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்தமோகுளோபினாக மாற்றிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதியும் குறைவு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

அம்மிச்சியின் கொதிக்கவைத்தல் இதில் உதவவில்லை. கிருமி சாகும், நைட்ரேட் ஆவியாகாது. ஐந்தில் ஒரு பங்கு நீர் சுண்டினால் 62 என்பது 78 ஆகும். அக்கறையோடு கூடுதல் நேரம் கொதிக்கவைத்த பாத்திரத்தில்தான் செறிவும் கூடியது.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதலில் குழந்தை. அன்று இரவே குழந்தைநல மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். உதட்டிலோ நகத்திலோ நீலம் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி மெத்தமோகுளோபின் இருந்தால் தவறாகக் காட்டக்கூடும் என்று சொல்லி, அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மறுநாள் வந்த முடிவு இயல்பான அளவுக்குள் இருந்தது. அந்த வீட்டில் ஒன்பது நாட்கள் மட்டுமே இந்த நீர் குழந்தைக்குப் போயிருந்தது.

அடுத்து, பழைய போரின் மோட்டாரை நிறுத்தினோம். நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கழுவி, லாரி நீர் நிரப்ப ஏற்பாடு செய்தோம். அது முடிய இரண்டு நாட்கள் ஆகும் என்பதால், சிசுக்களும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளுக்குச் சங்கச் செலவில் 20 லிட்டர் கேன் கொடுக்கப்பட்டது. கேன் விற்பவரிடமும் அறிக்கை கேட்டோம். முகத்தைச் சுளித்தார், ஆனால் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாவது, அறிவிப்பின் வாசகம். இதில் ஒரு மணி நேரம் செலவானது. ‘நீர் மாசுபட்டுள்ளது’ என்று எழுதினால் குளிக்கவும் பயப்படுவார்கள். ‘நைட்ரேட் சற்று அதிகம்’ என்றால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். கடைசியில் எழுதியது: ‘குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் பயன்படுத்தலாம். குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது. கொதிக்கவைத்தாலும் வடிகட்டினாலும் புறஊதா விளக்கில் காட்டினாலும் இது போகாது. முன்பு ஒட்டிய அட்டவணை தவறு.’ கடைசி வாக்கியம் வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள். செயலாளரே அது இருக்கட்டும் என்றார்.

கிருமிப் பரிசோதனை அதுவரை நடக்கவில்லை என்பது இந்த வாசகம் எழுதும்போது எங்கள் நினைவில் இல்லை. பாத்திரம் கழுவலாம் என்று எழுதியது, பின்னால் பார்த்தால், அவசரம்.

மறுபரிசோதனை

ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, தேசிய அங்கீகாரம் பெற்ற வேறொரு தனியார் ஆய்வகத்துக்கும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் கொடுத்தோம். ‘நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே எழுதித் தரவும்’ என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டோம். 64 என்றும் 61 என்றும் வந்தது.

கிருமிக்கான மாதிரியை ஆய்வகம் தந்த நுண்ணுயிர் நீக்கிய குப்பியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்த்தோம். முடிவு: கோலிஃபார்ம் உண்டு, ஈ. கோலையும் உண்டு. ஐ.எஸ். 10500 இதில் எண்ணே சொல்வதில்லை. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடக் கண்டறியப்படக் கூடாது. கோலிஃபார்ம் மண்ணிலும் இலைதழையிலும்கூட இருக்கும், ஈ. கோலை மனிதர் அல்லது விலங்கின் குடலிலிருந்து வருவது. நைட்ரேட் வயலில் இட்ட யூரியாவிலிருந்தும் வரலாம். ஆனால் ஈ. கோலை உடன் வந்ததும் எங்கள் கண்கள் உறிஞ்சு குழிப் பக்கம் திரும்பின. டேப் வைத்து அளந்தோம்: குழிக்கும் போருக்கும் இடையே 11 மீட்டர். குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்பது செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தரத்தில் உள்ளது. கடினப்பாறை நிலத்தில், வெடிப்புகள் வழியே நீர் ஓடும்போது, அந்த 18ம் உறுதியான காப்பு இல்லை.

ஈயத்தின் வரியையும் மீண்டும் பார்த்தேன். ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்பதை எல்லோரும் ‘இல்லை’ என்று படித்திருந்தோம். முதல் ஆய்வகத்தின் முறை கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு 0.05 என்று அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருந்தது. ஈயத்துக்கான வரம்பு 0.01. அதாவது வரம்பைப்போல் நான்கு மடங்கு இருந்தாலும் அந்த அறிக்கை இதே சொற்களைத்தான் எழுதியிருக்கும். இரண்டாவது ஆய்வகம் 0.005 வரை பார்த்தது. அதற்கும் கீழேதான் இருந்தது. எங்கள் நல்ல நேரம்.

சுத்திகரிப்பான்களையும் சோதித்தோம். நான்கு வீடுகளில் மாதிரி எடுத்தோம். நைட்ரேட்டாக, புறஊதா மட்டும் உள்ள வீட்டில் 62, ஆர்.ஓ. (சவ்வு வழியே நீரைச் செலுத்தி வடிகட்டும் இயந்திரம்) உள்ள ஒரு வீட்டில் 9, இன்னொன்றில் 31, மூன்றாவதில் 46. ஒரே வகை இயந்திரங்களில் ஏன் இந்த வேறுபாடு? ஆர்.ஓ. நீர் சப்பென்று இருக்கிறது என்பதற்காக, சவ்வில் புகாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இவ்வியந்திரங்களில் இருக்கிறது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். சிறுவாணி நீர் இயல்பாகவே உப்புக் குறைந்தது என்பதால், பொருத்த வந்தவர்கள் அந்தத் திருகை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிறுவாணிக்கு அது தீங்கில்லை. தொட்டியில் பழைய போர் நீர் வந்ததும், கலந்து வந்தது நைட்ரேட். 46 வந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாகச் சவ்வும் மாற்றப்படவில்லை. 9 வந்த வீட்டில் திருகு மூடியிருந்தது. அந்த வீட்டுக்காரர்தான் சுவை இல்லை என்று எப்போதும் குறைபட்டுக்கொண்டிருப்பவர்.

கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து ‘350தான் காட்டுகிறது, அருமையான தண்ணீர்’ என்று சொன்னவரின் வீடுதான் 31. அந்த மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமியை அது அறியவே அறியாது.

கூட்டத்தில் நடந்த வாதம்

ஏப்ரல் இறுதியில் பொதுக்குழு கூடியது. இரண்டு யோசனைகள் தீவிரமாக முன்வைக்கப்பட்டன.

ஒன்று, கலப்பது. பழைய போர் நீரும் சிறுவாணி நீரும் சரிபாதி கலந்தால் நைட்ரேட் 35க்குள் வந்துவிடும் என்றார் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். கணக்கு சரி, பல ஊர்களில் கையாளப்படும் வழிதான். ஆனால் சிறுவாணி வராத நாட்களுக்காகத்தான் இந்தப் போரையே இணைத்தோம். கலக்க வேண்டிய நாளில் கலப்பதற்கு எதுவும் இருக்காது. ஈ. கோலை இருக்கும் ஆதாரத்தைக் குளோரின் ஒன்றையே நம்பித் தொட்டியில் விடவும் எனக்கு மனமில்லை.

இரண்டாவது, ‘மாற்று வழியில்லாதபோது கூடுதல் அளவை அனுமதிக்கலாம் என்று தரத்திலேயே இருக்கிறதே’ என்பது. ஐ.எஸ். 10500இல் இரண்டு பத்திகள் உண்டு. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க அளவு. டி.டி.எஸ்ஸுக்கு 500, 2,000. கடினத்தன்மைக்கு 200, 600. எங்கள் 780ம் 340ம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவை. அவற்றுக்கு ‘சரி’ என்று பச்சை மை போட்டதும் பாதி உண்மைதான். ஆனால் நைட்ரேட்டுக்கு எதிரே இரண்டாம் பத்தியில் எண் இல்லை. ‘தளர்வு இல்லை’ என்று எழுதியிருக்கிறது. ஈயத்துக்கும் அப்படியே. தர ஆவணத்தின் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டியபோது வாதம் அடங்கியது.

பின் நடந்தவை

பழைய போர் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது. தோட்டத்துக்கும் கழிவறைத் தொட்டிகளுக்கும் மட்டும் தனிக் குழாய் போட்டு, சிவப்பு வண்ணம் பூசினோம். அந்தக் கோடை முழுவதும் லாரித் தண்ணீர். பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தது, அதற்குச் சண்டையும் நடந்தது. ஆகஸ்டில் உறிஞ்சு குழியை வளாகத்தின் மறுகோடிக்கு மாற்றினோம்.

முதல் ஆய்வகத்துக்கு எழுதினோம். அவர்கள் மறுக்கவில்லை. அடுத்து வந்த அறிக்கையில் நைட்ரேட் இரண்டு வரிகளில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வரம்போடு. இதற்கு முன்பு அந்த அச்சுப்படிவத்தில் அறிக்கை வாங்கியவர்களுக்குத் தெரிவித்தார்களா என்று கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை.

மறுமுறை எப்படிச் செய்வோம்

நீரைக் கொடுக்கும்போதே எந்தெந்தப் பொருள், எந்த வடிவில், எந்த அளவு வரை கண்டறிய வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். கிருமிப் பரிசோதனையைத் தனியாகக் கேட்கத் தேவையில்லாதபடி விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட்டோம். அறிக்கை வந்ததும் முதலில் ‘தளர்வு இல்லை’ வரிகளைப் படிப்பது, டி.டி.எஸ்ஸைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தட்டச்சு செய்த அட்டவணை இனி ஒட்டப்படாது. மூல அறிக்கையின் நகல் மட்டும். படிக்கக் கடினமாக இருக்கிறது என்று புகார் வருகிறது. வரட்டும்.

இன்னொன்றையும் நான் மாற்றியிருப்பேன். அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே, போருக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே நடந்து பார்த்திருப்பேன். 11 மீட்டரைக் கடக்கப் பதினைந்து காலடி வைத்தால் போதும். அந்தப் பக்கம் குப்பை கொட்டுவதற்காக எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

டிசம்பரில் பழைய போரை மீண்டும் சோதித்தோம். ஈ. கோலை இல்லை. நைட்ரேட், நைட்ரேட்டாக, 51. சிவப்புக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன.